முதல் நான்கு சீட்டு

ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. உட்கார நேரமில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்குப் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. வலது கை மட்டும் இன்னும் யாரோ மறந்து விட்டுப்போன சாமான் போல மடியில் கிடக்கிறது. எனக்கு இடுப்பு வலி. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது முட்டியை மடக்கித் தூக்க வேண்டுமாம், முதுகை வளைக்கக்கூடாதாம். பக்கவாதத்துக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் அம்மா ஒன்றரை வருடமாகச் சொல்கிறார். அவசரத்தில் முட்டி ஞாபகத்துக்கு வருவதில்லை.

லிஃப்ட் பதினோரு நாள் ஓடவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் வீட்டு லிஃப்ட்டையெல்லாம் ஓட வைத்த அப்பா மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார். இதை நான் சொன்னபோது அவரே சிரித்தார். ரிப்பேருக்கு வந்த இரண்டு பேர் மூன்று நாள் மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். அப்பா கட்டிலில் படுத்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மோட்டார் இல்ல. கதவு. ரெண்டாவது மாடிக் கதவு" என்றார். அந்த ஆறு வார்த்தைக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நான் போய்ச் சொன்னேன். அவர்களில் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏம்மா, நீங்க லிஃப்ட் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மறுநாள் இரண்டாவது மாடிக் கதவைச் சரிசெய்தார்கள், லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. நன்றி சொல்ல யாரும் மேலே வரவில்லை. இந்தச் சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

அச்சகத்தில் அரை நாள் வேலைதான் இன்னமும். பூச்சிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்குச் சொல்லடைவு தயாரிக்கிறேன். எந்தப் பூச்சி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் எழுதுவது. பத்தாம் தேதிக்குள் எல்லாப் பூச்சியும் வரிசையில் நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டுப் பல்செட்டுக்காரர் தன் கதவையும் நம் கதவையும் திறந்து போட்டுக்கொண்டு வேலை செய்வார். அப்பா கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். கையில் யாருடைய பல்லையோ பிடித்தபடி ஓடி வருவார். நல்ல மனிதர். பணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை, பயப்படாமல் மேலே படி.

அண்ணிக்கு 'பாதிப் பாதி' ஆட்டம் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்றும், நீ சொல்லித் தந்தால் சண்டையில் முடிகிறது என்றும் எழுதியிருந்தாய். "எந்தச் சீட்டோட உட்காரணும், எதைத் தூக்கிப் போடணும்னு மட்டும் கோர்வையா எழுது பாப்பா, நீதான் எழுதுவ" என்று கேட்டிருந்தாய். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. நீ இன்னும் பாப்பா என்றுதான் எழுதுகிறாய். சரி, எழுதுகிறேன். இப்போது நாங்களும் தினமும் நான்கு மணிக்கு ஆடுகிறோம். விரலுக்கும் மூளைக்கும் ஏதாவது விளையாட்டுக் கொடுங்கள் என்று பயிற்சி அம்மா சொன்னபோது அப்பா கேட்டது இந்த ஆட்டத்தைத்தான். மூன்று மாதமாகிறது. அப்பா, நான், பல்செட்டுக்காரர், சில நாள் பயிற்சி அம்மா. பந்தயத்துக்கு அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து அதே பொத்தான்கள்.

கீழே வருவது அண்ணிக்கு. அவரிடம் கொடுத்துவிடு. அதற்குப் பிறகு வருவது உனக்கு மட்டும்.

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சாதாரணப் போக்கர் ஆடியிருப்பதாக அண்ணன் எழுதியிருந்தான். அதனால் எந்தக் கை எதை வெல்லும் என்பதை விட்டுவிடுகிறேன். இதில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கடைசியில் உங்கள் கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இரண்டும் சேர்த்து ஐந்து காட்ட வேண்டும். பந்தயக் குவியலில் பாதி, பெரிய கைக்கு. மறு பாதி, சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் ஐந்து சீட்டும் எட்டு அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. ஏஸ் பெரிய கைக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது, சின்னக் கைக்கு எல்லாவற்றையும்விடச் சிறியது. யாரிடமும் சின்னக் கை இல்லாவிட்டால் பெரிய கை முழுக் குவியலையும் வாரிக்கொண்டு போய்விடும்.

பார்க்க எளிமையாக இருக்கும். இரண்டு பரிசு இருக்கிறதே, ஏதாவது ஒன்றாவது கிடைக்காதா என்று எல்லாச் சீட்டுக்கும் உட்காரத் தோன்றும். எங்கள் எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான். என்ன வந்தாலும் உட்காருவார். கேட்டால், "தேடி வந்த சீட்ட வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா?" என்பார். தினமும் ஐந்து மணிக்கெல்லாம் பொத்தான் தீர்ந்து வெறுங்கையோடு வேடிக்கை பார்ப்பார். அவரிடம் கற்றுக்கொண்ட முதல் பாடம்: நான்கு தடவை சீட்டு வந்தால் மூன்று தடவை பார்த்தவுடன் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

உட்கார வேண்டிய கை எது என்றால், முதலில் ஏஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஸும் இரண்டும் சேர்ந்து வந்தால் மிக நல்லது. ஆனால் அந்த இரண்டு சீட்டு மட்டும் போதாது. நடுவில் ஒரு இரண்டு திறந்துவிட்டால் உங்கள் இரண்டு செல்லாக்காசு ஆகிவிடும், அதனால் காவலுக்கு ஒரு மூன்றோ நான்கோ கூட இருக்க வேண்டும். ஏஸோடு அதே இனத்தில் இன்னொரு சீட்டு இருந்தால் பெரிய கைக்கும் வழி கிடைக்கும். ஏஸ், இரண்டு, கூடவே ஒரு ஜோடி ராஜா வந்தாலும் தைரியமாக உட்காரலாம். சின்னதே இல்லாமல் ராஜா, ராணி, ஜாக், பத்து என்று நான்கும் மேலே இருந்தாலும் ஆடலாம். நடுவிலும் பெரிய சீட்டாக விழுந்தால் முழுவதும் உங்களுக்கு.

நான்கு சீட்டும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்பதுதான் சாரம். மூன்று பேர் மும்முரமாக வேலை பார்க்க, நான்காவது ஆள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிற கை ஒன்று உண்டு. ஏஸ், இரண்டு, நான்கு, அவற்றோடு ஒட்டாத ஒரு ஒன்பது. அதைக்கூடச் சில நேரம் ஆடலாம், ஆனால் மூன்று ஆளை வைத்துக்கொண்டுதான் ஆடுகிறீர்கள் என்று தெரிந்து ஆடுங்கள். ஏழு, எட்டு, ஒன்பதுகள் வந்தால் யோசிக்காமல் கவிழ்த்துவிடுங்கள். பெரிய பக்கமும் தோற்கும், சின்னப் பக்கமும் தோற்கும், ஆனால் கடைசிவரை ஏதோ இருப்பது போலவே ஆசை காட்டும். ஒரே கையில் மூன்று ராஜா வந்தால் பூரித்துப் போகாதீர்கள். இரண்டுதான் செல்லும். மூன்றாவது ராஜா உங்கள் கையிலேயே சிறைப்பட்டுக் கிடப்பான், நடுவில் வந்து உதவ மாட்டான்.

இன்னொன்று. ஏஸும் இரண்டும் வைத்திருக்கிறோமே என்று பாதிக்காக உட்காராதீர்கள். அதே ஏஸும் இரண்டும் இன்னொருவரிடமும் இருக்கலாம். அப்போது உங்களுக்கு வருவது பாதியில் பாதி. ஜெயித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போட்டதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முழுவதும் வர வழி இருக்கிற கையோடு உட்காருங்கள். பாதி, தவறிப்போனால் கிடைக்கிற ஆறுதல், அவ்வளவுதான்.

கடைசி விதியை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். பெரிய கைக்கு எந்த இரண்டு சீட்டை எடுத்தீர்களோ, அதே இரண்டைத்தான் சின்னக் கைக்கும் எடுக்க வேண்டும் என்று இல்லை. அதற்கு வேறு இரண்டு, இதற்கு வேறு இரண்டு எடுக்கலாம். யார் வேறு மாதிரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனோடு சண்டை போடுங்கள், தப்பில்லை.

அண்ணா, இனி உனக்கு.

அந்தக் கடைசி விதி எனக்கு ஒன்பது நாளுக்கு முன்னால்தான் தெரியும்.

போன வாரம் வெள்ளிக்கிழமை. நான், அப்பா, பல்செட்டுக்காரர் மூன்று பேர்தான். அப்பா முதலிலேயே கவிழ்த்துவிட்டார். என்னிடம் ஏஸ், நான்கு, இரண்டு ராஜா. என் இரண்டு ராஜா போதும் என்று கடைசிவரை போனேன். பல்செட்டுக்காரர் மூன்று பத்தைக் காட்டினார். அவருக்கே நம்பமுடியாமல், "ஐயா, நான் ஜெயிச்சிட்டேனா, பாத்து சொல்லுங்க" என்று அப்பாவைக் கேட்டார். நான் என் நான்கு சீட்டையும் கவிழ்த்துப் போட்டேன். ஜெயித்தவர் குவியல் முழுவதையும் இழுக்கக் கையை நீட்டினார்.

அப்பா இடது கையை அவர் கைமேல் வைத்தார். பிறகு நான் கவிழ்த்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இடது கையால் ஒரு சீட்டைத் திருப்ப அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியாது. ராஜா இரண்டையும் ஒதுக்கினார். ஏஸையும் நான்கையும் நடுவிலிருந்த இரண்டு, ஐந்து, எட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். குவியலை உள்ளங்கையின் விளிம்பால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

அது செல்லாது என்று நான் சொன்னேன். பெரிய கைக்கு ராஜாவை எடுத்துவிட்டேன், இனி மாற்றக்கூடாது என்றேன். அப்பா தலையை ஆட்டினார். "வேற ரெண்டு. எடுக்கலாம்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "எப்பவும்" என்றார்.

பல்செட்டுக்காரர் என் முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்ததாகச் சொல்லி எழுந்து போனார். அவர் வீட்டு அடுப்பு அந்த நேரத்தில் எரிவதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குப் பதினான்கு வயது. நீயும் அப்பாவும் அம்மாவும் ஆடுவீர்கள், நான் பக்கத்தில் புத்தகத்தோடு இருப்பேன், ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவீர்கள். நம் வீட்டில் எந்த வேலையை யார் செய்வது என்பதெல்லாம் ஒரு கை ஆடித்தானே முடிவாகும். பாத்திரம் யார் கழுவுவது, மாவு மில்லுக்கு யார் போவது, எல்லாம். முழுக் குவியலும் வந்தவர் தப்பித்தார். பாதிப் பாதியானால் வேலையும் பாதிப் பாதி. ஒரு நாள் பாத்திரத்துக்காக நீயும் நானும் மட்டும் ஆடினோம். நான் சின்னக் கைக்கு வேறு இரண்டு சீட்டைக் காட்டினேன். "அதெல்லாம் கிடையாது பாப்பா. ரெண்டு எடுத்தா அதே ரெண்டுதான், மாத்தக் கூடாது" என்று நீ சொன்னாய். நான் கழுவினேன். அந்த வாரம் முழுவதும் கழுவினேன்.

ஒரு பாத்திரத்துக்காகச் சொன்ன பொய். நீ மறுநாளே மறந்திருப்பாய். அச்சகத்துக்கு வரும் ஒவ்வொரு தேதியையும், ஒவ்வொரு பெயரையும் நான் இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் விடுவதில்லை. இதை மட்டும் பதினான்கு வருடம் சரிபார்க்கவில்லை. அண்ணன் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பல்செட்டுக்காரருக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த மூன்று மாதமும் அப்பா எங்களோடு என் தப்பு விதிப்படியே ஆடியிருக்கிறார். திருத்தப் பேச்சு வரவில்லை என்று சொல்ல முடியாது. லிஃப்ட் கதவுக்குப் பேச்சு வந்தது.

அதற்கப்புறம் அவர் சொன்னது ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்த பிறகும் அதை எழுத மனம் வரவில்லை. அவரைக் குளிப்பாட்டும் நேரமாகிவிட்டது. நிறுத்துகிறேன்.

செவ்வாய், மத்தியானம்

இரண்டு நாளாக இந்தக் கடிதம் பூச்சிப் புத்தகத்துக்குள் கிடந்தது. இன்று அச்சகத்தில் மின்சாரம் இல்லை என்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். அப்பா தூங்குகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை, என் பக்கம் தள்ளிய பாதிப் பொத்தான்களைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா அந்த ஏஸை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அன்னைக்கும் இருந்துச்சு" என்றார்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் அன்றைக்கு என்றால் ஒரு நாள்தான். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், அந்தச் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் கப்பல் கட்டும் தளத்திலிருந்து உனக்கு வந்த வேலைக் கடிதம், இன்னொரு பக்கம் எனக்குக் கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம். அம்மா போய் எட்டு மாதம். அப்பா ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு கூடாமல் கட்டோடு இருந்தார். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். முழுவதும் வந்தவர் போகலாம், மற்றவர் இருக்க வேண்டும். பாதிப் பாதியானால் இரண்டு வருடம் ஒருவர், அடுத்த இரண்டு வருடம் மற்றவர், பெரிய கைக்காரர் முதலில். இதை எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். "வீட்டுக்குள்ள என்ன பத்திரம்" என்று நீ சிரித்தாய். அப்பாதான் சீட்டுப் போட்டார்.

என் கையில் இரண்டு ஜாக், ஒரு ஏஸ், ஒரு மூன்று. நடுவில் ஜாக், ராணி, ஏழு, நான்கு, இரண்டு. நீ இரண்டு ராணியைக் காட்டினாய். மூன்று ராணிக்கு முன்னால் என் மூன்று ஜாக் தோற்றது. ஜாக் இரண்டையும் எடுத்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று நான்கு சீட்டையும் கவிழ்த்துப் போட்டேன். உன்னிடம் சின்னக் கை இல்லை. முழுக் குவியலும் உனக்கு.

இப்போது நீயே எண்ணிப் பார். என் ஏஸ், என் மூன்று. நடுவிலிருந்த இரண்டு, நான்கு, ஏழு. சின்னக் கை, பாதி எனக்கு.

கலைப்பதற்கு முன்னால் கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பிப் பார்ப்பது அப்பாவின் பழக்கம். அன்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் தோற்றதற்காக வருத்தப்படுகிறார் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டைக் கலைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று அந்த வெள்ளிக்கிழமையே அவரைக் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். "பயம்" என்றார். பிறகு, "அவன் போனா வருவான். நீ போனா..." என்று நிறுத்தினார். வார்த்தை கிடைக்காமல் நிறுத்தினாரா, போதும் என்று நிறுத்தினாரா, தெரியவில்லை. அவர் கணக்கு எவ்வளவு தப்பாகப் போனது என்று நான் சொல்லவில்லை. நீ வந்தது இரண்டு தடவை, மொத்தம் பத்தொன்பது நாள். அவருக்கே தெரியும். வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு பயிற்சி அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கினேன். வேறென்ன செய்வது. ஐந்தரை மணி, பயிற்சி நேரம்.

உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. உன் ராணிகள் உண்மையான ராணிகள். என் விதி தப்பு என்று அன்றைக்கு உனக்கு ஞாபகம் வந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. அப்பா கலைக்கும்போது, "சீக்கிரம் கலைங்கப்பா" என்று நீ சொன்னாயே, அது ஏன் என்றும் கேட்கப் போவதில்லை. ஆட்டம் முடிந்த அவசரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் மறைத்தது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு அகராதி அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். பெரிய அகராதியைத் திருத்தி எழுதுகிறார்கள், இரண்டு வருட வேலை, தங்க அறையும் தருகிறார்கள். இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ரயில். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் போட்டேன். போன மாதக் கடைசியில் கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இருபதாம் தேதிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். முடியாது என்று பதில் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன், தபால்தலை ஒட்டுவதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அண்ணிக்கு எழுதும்போது என்னையே பார்த்து எழுதுவது போல இருந்தது. வந்த கைக்கெல்லாம் உட்காராதே, கவிழ்ப்பதற்கு வெட்கப்படாதே என்று எவ்வளவு நன்றாக எழுதுகிறேன். பல்செட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறேன். ஆறு வருடமாக எனக்கு வந்த கை எது என்றே பார்க்காமல் ஆடியிருக்கிறேன்.

இன்று காலை அச்சகத்துக்குப் போகும் வழியில் அந்தப் பழைய உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சேருகிறேன் என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அதன் பிறகுதான் இதை முடிக்க உட்கார்ந்திருக்கிறேன். முதலில் இதை முடித்திருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டேன்.

அப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். எத்தனை வருடம் என்று கேட்டார். இரண்டு என்றேன். நான்கு விரலில் இரண்டை மடக்கிக் காட்டி, "அவனுக்கு எழுது" என்றார். மடக்கியது இடது கையில்தான். ஆனால் வலது கை விரலும் லேசாக அசைந்தது. பயிற்சி அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.

நீ ஆறு வருடம் எடுத்துக்கொண்டாய். அதில் எத்தனை என்னுடையது என்று நான் கேட்க வரவில்லை. இப்போது வரும் இரண்டு வருடம் என்னுடையது. தளத்தில் விடுப்புக் கேட்பாயோ, வேலையையே விடுவாயோ, அண்ணியோடு வருவாயோ, தனியாக வருவாயோ, அதெல்லாம் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். உனக்கு மட்டும் என்று எழுதிய இந்தப் பக்கங்களை அண்ணியிடமும் காட்டு. விதி தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் நல்லது. அடுத்த மாதம் மூன்றாம் தேதிக்குள் வந்தால் அப்பாவைத் தூக்குவது, மாத்திரை வேளை, சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் விடுவது, எல்லாம் இரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடுவேன். முட்டியை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே. நீ வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் நான் போகமாட்டேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இந்த உறையில் இரண்டு சீட்டு வைத்திருக்கிறேன். ஒரு ஏஸ், ஒரு மூன்று. நம் வீட்டுக் கட்டு, அதே கட்டுதான், ஓரம் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அப்பாவின் விரல் பயிற்சிக்கு ஒன்றும் குறை வராது, பல்செட்டுக்காரரிடம் புதுக் கட்டு இருக்கிறது. இந்த இரண்டையும் தபாலில் திருப்பி அனுப்பாதே, வழியில் தொலைந்துவிடும். கையோடு கொண்டு வா.

லிஃப்ட் ஓடுகிறது. பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
தங்கை